1954-ல் கட்டிய வீடு, கார்பெட்டுக்கு அடியில் ஓக் பலகை: தீட்டி எடுப்பதா, கழற்றி எறிவதா?

நிலாமுற்றம் (ஸ்காபரோ)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இதைப்பற்றி இரண்டு கிழமையாகக் கதைத்தும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

ஓகஸ்ட்டில் ஸ்காபரோவில் ஒரு பழைய பங்களோ வாங்கினோம், 1954-ல் கட்டியது. ஹோலிலும் இரண்டு அறையிலும் சுவருக்குச் சுவர் பழுப்புக் கார்பெட். அம்மாவுக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா), கார்பெட் போட்ட அறையில் ஒரு மணித்தியாலம் இருந்தாலே இழுக்கத் தொடங்கிவிடும், அதனால் அவர் எங்களோடு வந்து இருக்கமுதல் அதை எடுத்தே ஆகவேண்டும். இரண்டு கிழமைக்கு முன் ஒரு சனிக்கிழமை ஹோலில் சூட்டுக்காற்று வரும் தகரத் தட்டைக் கழற்றி, கார்பெட்டின் விளிம்பைக் குறட்டால் பிடித்து இழுத்தேன். அடியில் இருந்த பஞ்சு தூளாய் உதிர்ந்தது. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் ஓக் பலகை! இரண்டேகால் அங்குல அகலம், தேன் நிறம், ஓரத்தில் வார்னிஷ் இன்னும் மினுங்குகிறது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, இரவு பதினொரு மணிக்குத்தான் நிறுத்தினேன்.

இப்போது பிரச்சினைகள். யன்னலுக்குக் கீழே சாப்பாட்டுக் கோப்பை அளவில் கன்னங்கரேலென்று ஒரு கறை. சின்ன அறை மூலையில் இன்னொன்று, அதில் நாய் மூத்திர மணம். எண்ணிக்கை இல்லாத அளவுக்கு ஸ்டேபிள் ஆணி. குசினியில் ஒன்பது அங்குலச் சதுர ஓடுகள், சிலது வெடித்துப்போய் இருக்கிறது. வந்து பார்த்த ஒருவர் "இது முடிந்துபோன நிலம், கழற்றி எறிந்துவிட்டு வினைல் போடுங்கள்" என்றார். இன்னொருவர் மேற்பரப்பை மெஷினால் தேய்த்துத் தீட்டித் தரலாம் என்று சொன்னார், விலையைக் கேட்டதும் என் கணவரின் முகம் மாறிவிட்டது. இவருக்கு ஏழு அங்குல அகலத்தில் சாம்பல் நிறப் பலகை போடத்தான் விருப்பம். எனக்கு இருப்பதைக் காப்பாற்ற விருப்பம். நாங்களே மெஷின் வாடகைக்கு எடுத்துச் செய்யலாமா? எந்தப் பூச்சு நல்லது? மொத்தம் 600 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல் வரும்.

எடிசன்மதுரை (நியூ ஜெர்சி)

வினைல் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். எங்கள் வீட்டில் ரெண்டே நாளில் வேலை முடிந்தது, தண்ணீர் கொட்டினாலும் கவலை இல்லை. மரத்தரை என்றால் காலம் முழுக்க அதன் பின்னால் ஓட வேண்டும்.

பலகைக்காரன் (ரொறன்ரோ)

தங்கச்சி, தயவுசெய்து கழற்றவேண்டாம். நான் இந்த நகரத்தில் பதினான்கு வருடமாக நிலவேலைதான் செய்கிறேன், கழற்றிக் குப்பைப் பெட்டிக்குள் போட்ட நல்ல ஓக்கை நினைத்தால் இப்போதும் மனம் கேட்காது. முடிவெடுக்கமுதல் ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்: இன்னும் எவ்வளவு மரம் மிச்சம் இருக்கிறது.

உங்களுடையது முக்கால் அங்குலத் திண்மப் பலகையாகத்தான் இருக்கும். பலகையின் ஒரு பக்கத்தில் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும், அது அடுத்த பலகையின் பள்ளத்துக்குள் போகும், ஆணியை அந்த நாக்கின் மேல் சாய்வாக அடித்திருப்பார்கள். நாக்குக்கு மேலே இருக்கும் மரம்தான் உங்கள் மூலதனம். புதிதாக இருந்தபோது அது கிட்டத்தட்டக் கால் அங்குலம். ஒவ்வொரு தடவை முழுதாகத் தீட்டும்போதும் அதில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அங்குலமாவது போய்விடும், கைப்பழக்கம் இல்லாதவர் தீட்டினால் இன்னும் கூடப் போகும். அந்த மூலதனத்தை யார் எவ்வளவு செலவழித்திருக்கிறார்கள் என்று நீங்கள் கழற்றிய அதே தகரத் தட்டு ஓட்டையிலேயே பார்க்கலாம், பலகையை வெட்டிய முகம் அங்கே தெரியும். அடிமட்டத்தை வைத்து, பள்ளத்தின் மேல் விளிம்பிலிருந்து மேற்பரப்பு வரை அளந்து எழுதுங்கள். அப்புறம் இரவில் எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு டோர்ச்சை நிலத்தோடு நிலமாகப் படுக்கவைத்து அடித்துப் பாருங்கள். இணைப்புகளுக்கு இடையில் ஆணித்தலை மின்னினாலோ, பலகையின் ஓரம் சிராய் சிராயாகக் கிளம்பியிருந்தாலோ அந்த நிலம் தன் காலத்தை முடித்துவிட்டது. அப்படி இல்லையென்றால் பெரும்பாலும் தப்பித்தீர்கள். கார்பெட்டின் கீழ் கிடந்த நிலம் தேய்வதில்லை, அதுதான் காரணம்.

குசினி ஓட்டில் கை வைக்காதீர்கள். ஒன்பது அங்குலம் என்று படித்ததுமே திக்கென்றது. அந்தக் காலத்து ஒன்பது அங்குல ஓடுகளிலும் அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையிலும் அஸ்பெஸ்டாஸ் என்ற கல்நார் இருப்பது வழக்கம். முழுசாகக் கிடக்கும்வரை தூள் பறக்காது. உடைத்தால், சுரண்டினால், மெஷின் போட்டால்தான் ஆபத்து. பரிசோதனைக்கூடத்துக்கு ஒரு துண்டு அனுப்பி முடிவு வரும்வரை அந்தப் பக்கம் ஈரத்துணியால் துடைப்பது மட்டும்தான். இன்னொன்று, 1960-க்கு முன் கட்டிய வீடுகளில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்க வாய்ப்பு அதிகம் என்று கனடா சுகாதாரத் துறையே சொல்கிறது. சுவரோரச் சட்டங்களையும் பரிசோதிக்காமல் தேய்க்கவேண்டாம், வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் சொல்லவே தேவையில்லை.

தச்சன்மகள் (ஒட்டாவா)

என் அப்பா காரைக்குடிப் பக்கம் தச்சு வேலை பார்த்தவர், மரத்தைப் பற்றி யார் கேட்டாலும் எனக்குச் சும்மா இருக்க முடியாது. அந்தக் கறுப்புக் கறையைப் பற்றிச் சொல்கிறேன்.

ஓக்கில் துவர்ப்பு நிறைய, டானின் என்பார்கள். அதோடு தண்ணீரும் இரும்பும் சேர்ந்தால் கறுத்துவிடும். நம் ஊரில் கடுக்காயோடு இரும்பைச் சேர்த்துக் கறுப்பு மை காய்ச்சியதும், கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவதும் இதே சங்கதிதான். ஜன்னலுக்குக் கீழே என்றால் அங்கே பல வருஷம் பூந்தொட்டி நின்றிருக்கும். உப்புத்தாள் போட்டு அதைத் தேய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள், கறுப்பு உள்ளே இறங்கியிருக்கும், தேய்க்கத் தேய்க்க அந்த இடம் குழியாகும், பிறகு சாயங்கால வெயில் படும்போதெல்லாம் குழி கண்ணில் உறுத்தும்.

ஆக்ஸாலிக் அமிலத் தூள் கடையில் கிடைக்கும். பழைய வார்னிஷை அந்த இடத்தில் எடுத்த பிறகு, தூளைச் சுடுதண்ணீரில் கரைத்துப் பூசுங்கள். கறையில் மட்டும் பூசினால் வெளுத்த வட்டம் ஒன்று நின்றுவிடும், அதனால் அந்தப் பலகை முழுக்க, ஒரு இணைப்பிலிருந்து அடுத்த இணைப்பு வரை பூச வேண்டும். கொஞ்ச நேரத்தில் கறுப்பு சாம்பலாகி, சாம்பல் மரநிறத்துக்குத் திரும்புவதை உட்கார்ந்து பார்க்கலாம், எனக்கு அது ரொம்பப் பிடித்த காட்சி. காய்ந்ததும் வெள்ளைப் பொடியாய்ப் பூத்து நிற்கும். அதைப் பெருக்கவோ ஊதவோ கூடாது, மூக்கில் போனால் கெடுதல். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒருமுறை, நல்ல தண்ணீரில் ரெண்டுமுறை துடைத்து எடுங்கள். கையுறையும் முகமூடியும் கட்டாயம்.

நாய்க் கறை வேறு கதை. சில சமயம் போகும், பல சமயம் போகாது, மணம் ஓக்குக்குக் கீழே இருக்கும் அடிப்பலகை வரை இறங்கியிருந்தால் பூச்சு அடித்தும் மழைக்காலத்தில் கிளம்பும். அப்படியென்றால் அந்தப் பலகைகளை மாற்ற வேண்டியதுதான். புதுப் பலகை வாங்காதீர்கள், நிறமும் ரேகையும் சேராது. துணி அலமாரி அறையில் அதே பலகை அதே வயதில் கிடக்கும், அங்கிருந்து எடுத்து இங்கே போட்டுவிட்டு அலமாரிக்குப் புதுசு போடுங்கள்.

நிலாமுற்றம் (ஸ்காபரோ)

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. அளந்தேன். ஐந்தில் ஒரு பங்கு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கிறது. ஆணித்தலை எங்கேயும் தெரியவில்லை. அப்படியென்றால் ஒரே ஒரு தடவைதான் தீட்டியிருப்பார்களா?

இவர் கேட்கச் சொன்ன கேள்வி: ஓக் அவ்வளவு வைரம் பாய்ந்த மரம் இல்லையே, ஊரில் தேக்கும் முதிரையும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது மெலிந்த மரம் மாதிரித் தெரிகிறது, ஹிக்கரி என்று ஒன்று இருக்கிறதாமே, அது இதைவிடக் கெட்டியாமே.

பலகைக்காரன் (ரொறன்ரோ)

ஒரு தடவை, அல்லது போட்ட அன்று மட்டம் எடுக்கத் தீட்டியதோடு சரி. உங்களுக்கு முன்னால் இன்னும் இரண்டு மூன்று தீட்டல் இருக்கிறது, பிள்ளைகள் வளர்ந்து அவர்களின் பிள்ளைகள் தவழும்வரை வரும்.

கெட்டி பற்றி. யாங்கா அளவு என்று ஒன்று உண்டு, 0.444 அங்குல விட்டமுள்ள உருக்குக் குண்டைப் பாதி அமிழும்வரை மரத்தில் அழுத்த எத்தனை இறாத்தல் விசை வேண்டும் என்பதுதான் அந்த எண். ரெட் ஓக் 1290, வைட் ஓக் 1360, ஹார்ட் மேப்பிள் 1450, ஹிக்கரி 1820, வால்நட் 1010. தேக்கு இந்த வரிசையில் ரெட் ஓக்குக்குக் கீழேதான் வரும்! நம்மவர்கள் யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. தேக்கின் பெருமை அதில் இருக்கும் எண்ணெய், கறையான் அண்டாது, ஈரத்துக்கு முறுக்காது. ஹிக்கரி கெட்டிதான், ஆனால் இந்த ஊர்க் குளிருக்கும் வெயிலுக்கும் அது விரிந்து சுருங்குவது அதிகம். இங்கே நிலத்துக்குப் பலகை தெரிவு செய்கிறவர் கெட்டியை இரண்டாவதாகத்தான் பார்க்கவேண்டும், முதலில் பார்க்கவேண்டியது அசைவு. கதிரை விழுந்து பட்ட பள்ளம் ஒரு பள்ளம், ஈரத்தால் விளைகிற பிழை வீடு முழுக்கத் தெரியும்.

மேப்பிள்இலை (மார்க்கம்)

அண்ணா சொல்வதை என் வீட்டில் வந்து பார்க்கலாம். மூன்று வருடத்துக்கு முன் ஏழு அங்குலப் பலகை போட்டோம், ஓகஸ்ட் மாதம், வெளியே புழுங்கிக்கொண்டிருக்கிறது, லொறியில் வந்த பெட்டிகளை இறக்கிய அன்றே பிரித்து அடித்துவிட்டுப் போனார்கள். ஜனவரியில் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் சில்லறைக் காசு விழுகிற அளவுக்கு வாய் பிளந்துவிட்டது, தோசை மா உலர்ந்த தூளும் சோறும் அதற்குள் போய் அடைகிறது, ஊசியால் கிண்டி எடுக்கிறோம். போட்டவரைக் கூப்பிட்டால் "மரம் என்றால் அப்படித்தான்" என்கிறார். நீங்கள் அகலப் பலகை போடுவதற்கு முன் தயவுசெய்து இருமுறை யோசியுங்கள்.

பலகைக்காரன் (ரொறன்ரோ)

மரம் அப்படித்தான் என்பது உண்மை, அதைத் தெரிந்துவைத்திருப்பதுதானே அவருடைய வேலை. கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ரெட் ஓக்கில் ஈரம் நூற்றுக்கு ஒரு வீதம் குறைந்தால் ஒவ்வொரு அங்குல அகலத்துக்கும் சுமார் 0.0037 அங்குலம் சுருங்கும். கோடைக்கும் குளிருக்கும் நடுவில் மரத்தின் ஈரம் நான்கு வீதம் மாறுகிறது என்று வையுங்கள். இரண்டேகால் அங்குலப் பலகை முப்பத்திரண்டில் ஒரு அங்குலம் சுருங்கும், வங்கி அட்டை ஒன்றின் தடிப்பு. ஏழு அங்குலப் பலகை பத்தில் ஒரு அங்குலம் சுருங்கும், மூன்று அட்டையை அடுக்கிய தடிப்பு. மொத்தச் சுருக்கம் ஒன்றுதான், குறுகிய பலகையில் அது எல்லா இணைப்புக்கும் பங்காகிப் போய்விடுகிறது, அகலப் பலகையில் சில இடைவெளிகளில் வந்து குவிகிறது. இந்த ஊரில் ஐம்பதுகளில் இரண்டேகால் அங்குலம் போட்டவர்கள் காரணம் தெரிந்துதான் போட்டார்கள்.

புதுப் பலகை போடத்தான் வேண்டும் என்றால், பெட்டியை மூன்று நாள் வீட்டில் வைத்தோம் என்று சொல்வதை நம்பவேண்டாம். நாள் கணக்கு ஒன்றும் இல்லை. ஈரமானி வைத்து அடிப்பலகையையும் புதுப் பலகையையும் அளக்கவேண்டும். அமெரிக்க மரத்தரைச் சங்கத்தின் வழிகாட்டலில் மூன்று அங்குலத்துக்குக் குறைந்த பலகைக்கு இரண்டுக்கும் இடையே நான்கு வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது, மூன்று அங்குலமும் அதற்கு மேலும் என்றால் இரண்டு வீதம். ஏழு அங்குலத்தில்தான் மனம் நிற்கிறது என்றால் ஒட்டுப்பலகை அடுக்கின் மேல் மரத்தோல் ஒட்டிய எஞ்சினியர்ட் வாங்குங்கள், அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பதால் அசைவு குறையும். மேல்தோல் மூன்று நான்கு மில்லிமீட்டர் இருந்தால் பின்னால் ஒருமுறையாவது தீட்டலாம். அரை மில்லிமீட்டர்த் தோலை விற்கிறார்கள், அதைத் தீட்டினால் ஒட்டுப்பலகை வெளியே வந்துவிடும். பேஸ்மென்ட் கொங்கிரீட்டின் மேல் திண்மப் பலகை போடவே வேண்டாம்.

மேப்பிள்இலை, உங்கள் வீட்டில் குளிர்காலத்தில் ஹியூமிடிஃபையர் ஓடுகிறதா? காற்றின் ஈரத்தை 35, 40 வீதத்தில் பிடித்துவைத்தால் அந்த வாய் பாதியாவது மூடும். இடைவெளிக்குள் மட்டும் எதையும் அடைக்காதீர்கள், கோடையில் பலகை விரியும்போது இடமில்லாமல் முதுகு தூக்கும்.

எடிசன்மதுரை (நியூ ஜெர்சி)

நான் முதலில் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ஏன் வினைல் என்று சொன்னேன் என்றால், ஏழு வருஷத்துக்கு முன் எங்கள் பழைய வீட்டில் நானே ட்ரம் சாண்டர் வாடகைக்கு எடுத்தேன். அது புல் வெட்டும் மெஷின் மாதிரி இருக்கும், ஆனால் எடை அதிகம், உருளையில் 36 நம்பர் உப்புத்தாள் (நம்பர் குறையக் குறையச் சொரசொரப்பு கூடும்), சுவிட்ச் போட்டதும் நம்மையே இழுத்துக்கொண்டு போகும். உருளை தரையில் இருக்கும்போது ஒரு நொடி நின்றேன், மனைவி கூப்பிட்டாள் என்று திரும்பினேன். அவ்வளவுதான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வாய்க்கால். அதைச் சமன் செய்ய அடுத்த பக்கம் ஓட்டினேன், அங்கே இன்னொன்று. மொத்த ஹாலும் அலை அலையாக வந்துவிட்டது, பூச்சு அடித்த பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் அது இன்னும் நன்றாகத் தெரிந்தது. வீட்டை விற்கும்வரை அந்த ஹாலில் நடக்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போகும்.

அதனால் நீங்களே செய்வதாக இருந்தால் ட்ரம் மட்டும் வேண்டாம். தட்டு சுற்றுகிற ஆர்பிட்டல் மெஷின் கிடைக்கும், வேலை மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் குழி போடாது.

பலகைக்காரன் (ரொறன்ரோ)

எடிசன் அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. ட்ரம்முக்குப் பழக வருடம் எடுக்கும். நகரத் தொடங்கிய பிறகுதான் உருளையை இறக்கவேண்டும், நிற்கமுதல் தூக்கவேண்டும், விமானம் இறங்கி ஏறுகிற மாதிரி.

தங்கச்சி, நான் உங்கள் இடத்தில் இருந்தால் வேலையைப் பிரிப்பேன். ஆணி பிடுங்குவது, கறை எடுப்பது, சுவரோரச் சட்டம் கழற்றுவது எல்லாம் நீங்கள் செய்யலாம், நேரம் தின்கிற வேலை அதுதான், காசு மிச்சமாவதும் அங்கேதான். தீட்டுவதை மட்டும் பழகிய கையிடம் கொடுங்கள். ஸ்டேபிள் ஒவ்வொன்றையும் பிடுங்கவேண்டும், ஒன்று மிஞ்சினாலும் தாள் கிழியும், பொறி பறக்கும், தூள் பைக்குள் பொறி விழுந்தால் நெருப்பு. ஆளைப் பிடிக்கும்போது எந்த நம்பர்த் தாளில் தொடங்கி எதில் முடிப்பீர்கள் என்று கேளுங்கள். 36, 60, 80, 100 என்ற மாதிரிப் படிப்படியாகப் போகவேண்டும், 36-லிருந்து நேரே 100-க்குத் தாவினால் முதல் தாளின் கீறல் அப்படியே இருக்கும், நிறம் பூசியதும் பூனை பிராண்டியது போல் தெரியும். அன்றன்றைய மரத்தூளை இரவில் வீட்டுக்குள் வைக்கக் கூடாது, தகர வாளியில் வெளியே.

நிலாமுற்றம் (ஸ்காபரோ)

அப்படியே செய்கிறோம். இவரும் சம்மதித்துவிட்டார், அட்டைக் கணக்கைக் காட்டினேன், தன் வங்கி அட்டைகளை எடுத்து மேசையில் மூன்றை அடுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இப்போது பூச்சு. அவருக்குச் சாம்பல் நிறம் இன்னும் மனதில் இருக்கிறது. அம்மாவுக்கு மணம் கூடாது.

தச்சன்மகள் (ஒட்டாவா)

முதலில் அது ரெட் ஓக்கா வைட் ஓக்கா என்று பாருங்கள். மிச்சத் துண்டு ஒன்றை ரெண்டு அங்குல நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையில் சோப்புத் தண்ணீர் தடவி மறுமுனையில் வாயை வைத்து ஊதுங்கள். ரெட் ஓக்கின் துளைகள் குழாய் மாதிரித் திறந்திருக்கும், குமிழி வரும். வைட் ஓக்கில் துளை அடைபட்டிருக்கும், அதனால்தான் பீப்பாய் செய்ய அந்த மரம். ரெட் ஓக் என்றால் சாம்பல் நிறத்தை மறந்துவிடுங்கள், மரத்தின் சிவப்பு அடியிலிருந்து எட்டிப் பார்த்து ஒருமாதிரி ஊதா கலந்து நிற்கும். மர நிறத்தையே விட்டுவிடுவது நல்லது.

எண்ணெய் பாலியூரித்தேன் (காய்ந்து கெட்டியாகும் தெளிந்த பூச்சு) பூசினால் தேன் நிறம் வரும், வருஷம் போகப் போக இன்னும் பழுக்கும். ஆனால் ஒரு கோட் பூச்சுக்கு ஒரு நாள் காய வேண்டும், வாடை பல நாள் நிற்கும், அம்மாவை அந்த வீட்டில் வைத்துக்கொண்டு செய்யவே முடியாது. தண்ணீர் பாலியூரித்தேன் சில மணி நேரத்தில் காயும், வாடை குறைவு, மஞ்சளாகாது. ரெட் ஓக்கில் அது கொஞ்சம் வெளிறி இளஞ்சிவப்பாகத் தெரியும், அது பிடிக்கவில்லை என்றால் லேசாக நிறமேற்றுகிற சீலர் என்ற அடிப்பூச்சை ஒரு கை அடித்துவிட்டு மேலே பூசலாம். மெழுகெண்ணெய் எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடிக்கும், கீறல் விழுந்த இடத்தை மட்டும் சரிசெய்துகொள்ளலாம், தொட்டால் மரத்தைத் தொட்ட மாதிரியே இருக்கும், ஆனால் அதை அவ்வப்போது எண்ணெய் வைத்துப் பேண வேண்டும், மஞ்சள் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். பளபளப்பு வேண்டாம், மங்கலாக மினுங்குகிற சாட்டின் எடுங்கள், பளபளப்பில் ஒவ்வொரு கீறலும் கூப்பிட்டுக் காட்டும்.

வைகறை (பாஸ்டன்)

பூச்சு என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. யாராவது "சீக்கிரம் காயும்" என்று லாக்கர் சீலர் கொண்டுவந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இங்கே 2004-லும் 2005-லும் இரண்டு தீ விபத்துகளில் வியட்நாமிலிருந்து வந்த தரைத் தொழிலாளர்கள் மூன்று பேர் இறந்துபோனார்கள். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும், கேஸ் அடுப்பின் சின்னச் சுடர் போதும். 2010-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் தரை வேலையில் அந்தச் சீலரைத் தடை செய்தது. எந்த எண்ணெய்ப் பூச்சாக இருந்தாலும் அடுப்பையும் சுடுநீர்க் கொதிகலனின் சுடரையும் முன்பே அணைத்துவையுங்கள்.

இன்னொன்று துணி. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் யாரும் நெருப்பு வைக்காமலே அது சூடாகிப் பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் இப்படித்தான் எரிந்தது, 22-வது மாடியில் மரச்சுவருக்கு எண்ணெய் போட்டவர்கள் விட்டுப்போன துணிகள், மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிர் போனது. துணியை ஒற்றையாக விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.

நிலாமுற்றம் (ஸ்காபரோ)

மகள் ஊதினாள், குமிழி வந்தது. ரெட் ஓக். சாம்பல் நிறம் போய்விட்டது.

ஓட்டின் பரிசோதனை முடிவும் வந்தது, அஸ்பெஸ்டாஸ் இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு அனுமதி பெற்ற ஆட்களிடம் பிறகு கொடுப்போம், இப்போதைக்கு வெடித்த ஓடுகளின் மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடியாயிற்று. அன்றைக்கு அண்ணா எழுதியிருக்காவிட்டால் அந்த வார இறுதியில் சுத்தியலோடு இறங்கியிருப்பேன்.

பலகைக்காரன் (ரொறன்ரோ)

நல்லது தங்கச்சி. வேலை முடிய எழுதுங்கள்.

நிலாமுற்றம் (ஸ்காபரோ)

முடிந்தது. ஆணி பிடுங்க மட்டும் ஒன்பது பின்னேரம் போனது. முழங்காலுக்குக் கீழே பழைய தலையணையை வைத்துக்கொண்டு, தட்டைத் திருப்புளியால் நெம்பி, குறட்டால் இழுத்து, யோகர்ட் வாளி ஒன்று நிறைந்துவிட்டது. யன்னல் கறை இரண்டாவது தரம் ஆக்ஸாலிக் பூசியபோது போயே போய்விட்டது, அக்கா சொன்ன மாதிரி கறுப்பிலிருந்து சாம்பல், சாம்பலிலிருந்து மரம், நானும் மகளும் சுவரில் சாய்ந்து இருந்து பார்த்தோம். நாய்க் கறை அசையவில்லை. அலுமாரி அறையிலிருந்து நான்கு பலகை எடுத்து மாற்றினோம், தீட்ட வந்தவர் புதிதாக வைக்கிற பலகையின் பள்ளத்துக் கீழ் உதட்டை உளியால் சீவி எடுத்துவிட்டு மேலிருந்து இறக்கினார், எந்த நான்கு என்று இப்போது எனக்கே தேடித்தான் பார்க்கவேண்டும்.

தண்ணீர்ப் பூச்சு, சாட்டின், மூன்று கோட். ஒரு கிழமை வெறுங்காலோடும் சொக்ஸோடும் மட்டும் நடந்தோம், பாயும் கம்பளமும் இரண்டு கிழமைக்குப் பிறகு. அம்மா வந்துவிட்டார். முதல் நாளே வாளியும் தண்ணீருமாகக் கழுவ வெளிக்கிட்டார், ஊரில் வெள்ளிக்கிழமை கழுவுகிற மாதிரி. பிழிந்த துணியால் துடைத்தால் போதும் என்று கையைப் பிடித்து விளங்கப்படுத்தினேன். இரவில் இழுப்பு இல்லாமல் நித்திரை கொள்கிறார், அதற்காகத்தானே இத்தனையும்.

தச்சன்மகள் (ஒட்டாவா)

படித்ததும் மனசு நிறைந்தது. நீராவி மாப்பும் வினிகரும் வேண்டாம், நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டிவிடுங்கள், மாதம் ஒருமுறை அந்த ஃபெல்ட்டைத் திருப்பிப் பாருங்கள், மண் ஏறியிருந்தால் அதுவே உப்புத்தாள் ஆகிவிடும். வாசலில் செருப்பைக் கழற்றுகிற நம் வழக்கம் மரத்தரைக்குப் பெரிய பாதுகாப்பு. அம்மாவின் கிரைண்டரை மட்டும் நேராகத் தரையில் வைக்காதீர்கள், கீழே ஒரு ரப்பர் விரிப்பு போடுங்கள். இன்னும் சில வருஷத்தில் நடமாடுகிற இடம் மங்கினால், பூச்சு மட்டும் தேய்ந்து மரம் வெளியே தெரியாத நிலையிலேயே லேசாகக் கீறிவிட்டு ஒரு கோட் மேலே அடித்துவிடுங்கள், மரத்தில் ஒரு தூள்கூடக் குறையாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது, உறிஞ்சிக் கறுத்தால் தாமதம்.

நிலாமுற்றம் (ஸ்காபரோ)

பெப்ரவரி வந்துவிட்டது, ஒரு சின்னச் சந்தேகம். இணைப்புகள் கொஞ்சம் திறந்திருக்கின்றன, வங்கி அட்டை மட்டுமட்டாகப் போகிறது, காற்றின் ஈரம் 34 வீதம் என்று மானி காட்டுகிறது. அதில் பயமில்லை, கோடையில் மூடும் என்று தெரியும். ஆனால் அம்மாவின் அறைக் கதவடியில் இரண்டு பலகை கிறீச் என்கிறது, இரவில் அவர் தண்ணீர் குடிக்க எழும்பினால் எல்லோரும் முழித்துவிடுகிறோம். மேலிருந்து ஆணி அடிக்கலாமா?

பலகைக்காரன் (ரொறன்ரோ)

மேலிருந்து வேண்டாம், அழகான நிலத்தில் ஆணித்தலை எதற்கு. உங்கள் பேஸ்மென்ட் கூரை அடைக்காமல் திறந்திருந்தால் அது கீழிருந்து செய்கிற வேலை. ஒருவர் மேலே அந்தப் பலகையில் நின்று அசையட்டும், நீங்கள் கீழே நின்று எந்த இடம் அசைகிறது என்று விரலை வைத்துப் பாருங்கள். அடிப்பலகை முக்கால் அங்குலம், ஓக் முக்கால் அங்குலத்தை விட இப்போது கொஞ்சம் குறைவு, அதனால் ஒன்றேகால் அங்குலத்துக்கு நீண்ட ஸ்குரூ எடுக்கக்கூடாது, ஒரு அங்குலம் என்றால் இன்னும் பயமில்லை. அடிப்பலகையில் மட்டும் ஸ்குரூவின் தண்டு தாராளமாகப் போகிற அளவுக்கு முதலில் துளை போடுங்கள், பிடி ஓக்கில் மட்டும் இருக்கவேண்டும், அப்போதுதான் அது ஓக்கைக் கீழே இழுக்கும். முறுக்கும்போது மேலே நிற்பவர் நகரக்கூடாது. அம்மாவையே நிற்கச் சொல்லுங்கள், சத்தம் நின்றதா என்று அவருக்குத்தான் முதலில் தெரியும்.